ஊரிலேயே இருந்துகொண்டு ஊருக்கு ஏங்கும் பாட்டு

ஹவாய்க்குப் போய் வந்த ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் ரெகே, அந்த ஜமைக்கா நாட்டு இசை. கடற்கரையில், பிக்அப் வண்டியில், வீட்டுக் கொல்லையில் நடக்கும் விருந்தில். ஜமைக்கா எங்கே, ஹவாய் எங்கே? அங்கே உள்ள பூர்வகுடிகள் இதைத் தங்கள் பாட்டு என்கிறார்கள், மூதாதையர், மண் என்றெல்லாம் பேசுகிறார்கள். இன்னொரு நாட்டு இசையின் நகல் எப்படி ஒருவருக்குப் பூர்வீகமாகும்?"

நியாயமான கேள்விதான். ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

1971இல் ஜான் டென்வர் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' உங்களில் பலர் கேட்டதுதான். என்னை என் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர் என்று ஒருவன் சாலையிடம் கேட்கிறான். ஊர், மேற்கு வர்ஜீனியா. இரண்டு மூன்று வருஷத்தில் ஜமைக்காவின் 'டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ்' குழு அதை ரெகே நடைக்கு மாற்றியது. 'வெஸ்ட் வர்ஜீனியா' இருந்த இடத்தில் 'வெஸ்ட் ஜமைக்கா' வந்து உட்கார்ந்தது. 1993இல் ஹவாயின் இஸ்ரேல் காமகாவிவோஓலே, ரசிகர்களுக்குச் சுருக்கமாக 'இஸ்', தன் 'ஃபேசிங் ஃபியூச்சர்' ஆல்பத்தில் அதையே ரெகே தாளத்தில் பாடினார். இந்த முறை ஊர் மேற்கு மாகஹா, மலை காஆலா.

மாகஹா, ஓவாஹு தீவின் மேற்குக் கரை. காஆலா அந்தத் தீவின் மிக உயரமான சிகரம், 1,200 மீட்டருக்குச் சற்று மேல். இஸ் சிறுவனாக இருந்தபோது அவர் குடும்பம் அந்தப் பக்கம் குடிபோனது. பூர்வகுடி ஹவாயர்கள் நெருக்கமாக வாழும் கரை அது. கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரே ஒரு நெடுஞ்சாலை. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய மனைகளும் அங்கே உண்டு, கடலோரத்தில் கூடாரம் போட்டு வாழ்கிறவர்களும் உண்டு. கூடாரத்தில் இருப்பவர்களில் நிறையப் பேர் அந்த மண்ணின் ஆட்கள்தான்.

ஆக, "என்னை ஊருக்குக் கொண்டுபோ" என்று பாடுகிறவன் ஊரில்தான் நிற்கிறான். உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜமைக்கா ரெகேயில் உள்ள ஏக்கம் கடல் தாண்டியது. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் பாடியது அது. ஜமைக்காவில் பிறந்த ரஸ்தஃபாரி என்ற மதத்தின் நம்பிக்கையில் இப்போது அகப்பட்டிருக்கும் இடம் பாபிலோன், திரும்பிப் போக வேண்டிய இடம் சயான், அதாவது சீயோன். ஹவாய்க்காரர்களை யாரும் கப்பலேற்றவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், காலடியிலிருந்து நாடுதான் உருவப்பட்டது.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1893 ஜனவரி 17 அன்று, வணிகர்களும் சர்க்கரைத் தோட்ட நலன்களைச் சேர்ந்தவர்களும் அடங்கிய ஒரு சிறு கூட்டம் அரசி லிலியுஓகலானியைப் பதவியிறக்கியது. முந்தின நாளே 'போஸ்டன்' என்ற போர்க்கப்பலிலிருந்து அமெரிக்கப் படையினர் 160க்கும் மேற்பட்டோர் ஹொனலுலுவில் இறங்கியிருந்தார்கள். 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழி பயிற்றுமொழி என்ற இடத்தை இழந்தது. 1897இல் அமெரிக்காவோடு இணைப்பு வேண்டாம் என்று 21,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார்கள். பூர்வகுடிகளின் மொத்தத் தொகையே அப்போது சுமார் 40,000தான். ஆனாலும் 1898இல் அமெரிக்கா நாட்டை எடுத்துக்கொண்டது. மாநிலமானது 1959 ஆகஸ்டில். இஸ் பிறந்தது அதற்கு மூன்று மாதம் முன்னால், மே மாதத்தில். ஆட்சிக் கவிழ்ப்புக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது 1993 நவம்பரில். 'ஃபேசிங் ஃபியூச்சர்' வந்த அதே வருஷம். மன்னிப்பு மட்டும்தான், நிலம் ஒரு அங்குலம்கூடத் திரும்பி வரவில்லை.

இனி 'மூதாதையர்' விஷயம். ஹவாய் மொழியில் சொந்த மண்ணுக்கு ஒரு சொல் குலாயிவி. அதில் 'இவி' என்றால் எலும்பு. முன்னோரின் எலும்பு புதைந்த மண்தான் சொந்த மண். ('குலம்' என்று கேட்கிறதே என்று யாரும் ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிளம்பிவிட வேண்டாம், தற்செயல்.) குழந்தையின் தொப்புள்கொடி விழுந்ததும் அதைப் பாறையில் குடைந்த குழியில் வைக்கிற வழக்கமும் இருந்தது. தீவுகளிலேயே பெரியதான, ஹவாய் என்றே பெயர் கொண்ட தீவில் புஊலோஆ என்ற எரிமலைப் பாறைவெளியில் அப்படிப்பட்ட குழிகளை ஆயிரக்கணக்கில் இன்றும் பார்க்கலாம். நிலத்துக்கான சொல் 'ஆய்னா', அதன் வேர்ப்பொருள் உணவூட்டுவது. இன்னும் ஒரு படி போனால் சேப்பங்கிழங்கு வருகிறது. நாம் புளிக்குழம்பில் போடும் அதே செடி, அங்கே பெயர் கலோ. வானத்தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது, அதைப் புதைத்த இடத்தில் கலோ முளைத்தது, இரண்டாவது பிள்ளையாக மனிதன் பிறந்தான் என்பது அவர்களின் வம்சக் கதை. அதன்படி கலோ அண்ணன், மனிதன் தம்பி. தாய்க்கிழங்கிலிருந்து கிளைக்கும் கன்றுக்கு 'ஓஹா' என்று பெயர். குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' அதிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

இப்படி நினைக்கிற ஒருவனுக்குச் சொந்தம் என்பது ஓர் உணர்வோடு நிற்பதில்லை. மலைப் பெயர், விரிகுடாப் பெயர், அங்கே அடிக்கும் காற்றின் பெயர், பெய்யும் மழையின் பெயர் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தாக வேண்டும். ஹவாயில் ஊருக்கு ஊர் மழைக்குத் தனிப் பெயர் உண்டு: மானோவா பள்ளத்தாக்கின் மழை துவாஹினே, ஹீலோ ஊரின் மழை கனிலேஹுவா. பழைய பாடல்கள் இந்தப் பெயர்களால் நெய்யப்பட்டவை. ஓர் இடத்தைப் போற்றிப் பாடும் பாட்டு என்றே ஒரு வகை இருக்கிறது. இப்போது இஸ் பாடியதைத் திரும்பக் கேளுங்கள். அமெரிக்க மெட்டு, ஜமைக்கா தாளம், ஆங்கில வரிகள். ஆனால் நடுவில் ஊர்ப் பெயரையும் மலைப் பெயரையும் வைக்கிறாரே, அந்தச் செயல் பழைய ஹவாய்ப் பாட்டுக்காரன் செய்ததுதான்.

சரி, அதற்கு ரெகே எதற்கு? சொந்த இசைதான் இருக்கிறதே?

இருந்தது. ஆனால் அதன் மேல் ஹோட்டல் வாடை ஏறிவிட்டிருந்தது. 1935 முதல் 1975 வரை 'ஹவாய் கால்ஸ்' என்ற வானொலி நிகழ்ச்சி வைகிகி கடற்கரையிலிருந்து உலகமெங்கும் போனது. அலை ஓசை, ஸ்டீல் கிடார், நிலா வெளிச்சம், ஆங்கிலத்தில் காதல். சுற்றுலாப் பயணி எதிர்பார்த்து வந்த ஹவாய் அதுதான். அதை வாசித்தவர்கள் பெரும் கலைஞர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எழுபதுகளில் வளர்ந்த ஒரு பையனுக்கு 'ஹவாய் இசை' என்றால், அப்பாவோ மாமாவோ பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரருக்கு வாசித்துவிட்டு வருகிற இசை. அதே பத்தாண்டில் எதிர்க்காற்றும் எழுந்தது. 1976இல் ஹோகூலேஆ என்ற இரட்டைப் படகு, திசைகாட்டி இல்லாமல் நட்சத்திரம் பார்த்தே தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது. கடற்படை குண்டுபோட்டுப் பழகிய கஹோஓலவே தீவில், உயிரைப் பணயம் வைத்து ஆட்கள் ஏறினார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஹெல்ம், அருமையான பாடகர். 1977 மார்ச்சில் அந்தத் தீவுக்கருகே கடலில் காணாமல் போனார். அங்கே குண்டுவீச்சு நின்றது 1990இல்தான்.

ரெகேயை உலகமெங்கும் கொண்டுபோன ஜமைக்கா பாடகர் பாப் மார்லி வைகிகியில் வந்து பாடியது இந்தச் சூட்டில், 1979இல். அதே பயணத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் பாடினார். அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு அது என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ரெகே காட்டிய ஜமைக்காவில் சர்க்கரைத் தோட்டம், தீவு, அந்நிய அதிகாரம், ஏழை, பயணி என எல்லாமே ஹவாய்க்காரனுக்குப் பழகிய காட்சி. ஆனால் ரெகேயில் பாடுகிறவன் பயணிக்காகச் சிரிக்கவில்லை. ரெகே ஹவாயில் ஒட்டிக்கொண்டதற்கு ஒற்றுமைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பெரிய ஹோட்டல்கள் விற்ற ஹவாய்ப் படத்தில் ரெகேக்கு இடமில்லை. அதனாலேயே உள்ளூர்க்காரன் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரதர் நோலண்டின் 'கோகனட் கேர்ள்' வந்தது. இந்த வகையின் ஆரம்பப் பாட்டு என்று பலரும் அதைத்தான் காட்டுவார்கள். அப்புறம் கபேனா, ஹோஆய்கானே, மனாஓ கம்பெனி என்று குழுக்கள் கிளம்பின. ப்ருடா வால்டா, அதாவது வால்டர் ஐபோலானி, 'ஹவாயியன் ரெகே' என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். ஜமைக்காவையும் ஹவாயையும் ஒட்டி 'ஜவாயன்' என்று யாரோ சொல்லப்போக அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பல கலைஞர்களுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. அவர்களைக் கேட்டால் 'ஐலண்ட் மியூசிக்' அல்லது வெறும் ரெகே என்பார்கள்.

கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ரெகேயில் கிடார் தாளத்தின் கனத்த அடிகள் மேல் விழாது, அவற்றுக்கு இடையில் விழும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் இரண்டிலும் நான்கிலும் ஒரு வெட்டு. டிரம்மின் கனத்த அடி பெரும்பாலும் மூன்றில். ஒன்று காலி. இதை உகுலேலேயில், அதாவது நான்கு தந்தி கொண்ட சிறு கிடார் போன்ற ஹவாய்க் கருவியில், வாசிப்பவரின் இடது கையைப் பாருங்கள். வலது கை இழுத்த மறுகணமே இடது விரல்கள் தந்தியை விட்டு லேசாக எழும்பும். ஒலி சட்டென்று அறுந்து 'சக்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். உகுலேலேயின் வழக்கமான சுருதியில் மேல்தந்தியும் உச்சத்தில்தான் கட்டப்பட்டிருக்கும், கனத்த அடித்தந்தி கிடையாது. ஜமைக்கா கிடார்காரர் மேல்சுருதித் தந்திகளில் மட்டும் தேடி எடுக்கும் அந்த மெல்லிய வெட்டு, உகுலேலேயில் எடுத்த எடுப்பிலேயே கிடைக்கிறது. கொல்லையில் நான்கு பேர் உட்கார்ந்து வாசிப்பதற்கு அங்கே 'கனிகபிலா' என்று பெயர். டிரம் இல்லாவிட்டாலும் ஒரு உகுலேலே போதும், ரெகே வந்துவிடும்.

அந்த உகுலேலே மட்டும் எங்கிருந்து வந்தது? 1879இல் 'ரேவன்ஸ்க்ராக்' கப்பலில் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சிறு கிடாரின் வாரிசு அது. கிடாரைக் கொண்டுவந்தவர்கள் மாடு மேய்க்க வந்த மெக்சிகோக்காரர்கள், பலகுரல் பாட்டு 1820இல் வந்திறங்கிய பாதிரிமார்கள் வழியாக வந்தது. வந்ததையெல்லாம் எடுத்துத் தன் சொல்லை அதற்குள் வைப்பது ஹவாய்க்காரர்களுக்கு 200 வருஷப் பழக்கம். நகல் என்பதுதான் குற்றச்சாட்டு என்றால் பாரம்பரியம் என்று நாம் மதிப்பதில் பாதி தள்ளுபடியாகிவிடும்.

எதிர்ப்புப் பாட்டும் ஜமைக்காவிடம் கடன் வாங்கியதல்ல. 1893இல் புதிய ஆட்சிக்கு விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் சம்பளம் என்றதும், அரச இசைக்குழுவினர் மறுத்தார்கள். அவர்களுக்காக எலன் பிரெண்டர்காஸ்ட் எழுதியதுதான் 'கவுலானா நா புவா'. அரசின் பணம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் மண்ணின் கல்லே போதும் என்பது அதன் உள்ளடக்கம், அதனாலேயே 'கல் தின்னும் பாட்டு' என்றும் பெயர். மெட்டைக் கேட்டால் கல்யாண வீட்டுப் பாட்டு போலத் துள்ளும். மொழி தெரியாத பயணி தலையாட்டி ரசித்துவிட்டுப் போவார். சொல்லுக்குள் சொல்லை ஒளிக்கும் இந்த வித்தைக்கு ஹவாய் மொழியில் 'கவோனா' என்று பெயர். துள்ளலான தாளத்தில் கசப்பான சேதி சொல்லும் ரெகே அந்த ஊர்க் காதுக்கு அந்நியமாகப் பட்டிருக்காது.

இனி, ரெகேயைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்குப் பிடிக்காத பகுதி. ஜவாயனில் பெரும்பகுதி மண்ணையும் பாடவில்லை, முன்னோரையும் பாடவில்லை. கடற்கரை, பெண், வார இறுதி, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் உள்ளூர் எஃப்எம் நிலையங்கள் இதையே திரும்பத் திரும்பப் போட்டதில், ஸ்லாக் கீ, அதாவது தந்திகளைத் தளர்த்திச் சுருதி கட்டி வாசிக்கும் ஹவாய்ப் பாணி, கிடார்காரர்களும் ஹவாய் மொழிப் பாடகர்களும் ஒதுங்க நேர்ந்தது என்று மூத்த கலைஞர்கள் வருத்தப்பட்டார்கள். மார்லியின் வரி மனப்பாடம், பாட்டியின் மொழியில் ஒரு வரி தெரியாது என்ற குத்தலில் உண்மை இருந்தது. அதோடு, சயானும், ரஸ்தஃபாரிகள் தெய்வமாகக் கொண்ட எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியும் ஹவாய் வம்சாவளியில் எங்கே வருகிறார்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் கிடையாது. பலர் ரஸ்தஃபாரியின் சடைமுடியையும் சிவப்பு, மஞ்சள், பச்சையையும் எடுத்துக்கொண்டு இறையியலை விட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 2001இல் 'கனாகா மவோலி கொடி', அதாவது பூர்வகுடிகளின் கொடி, என்று ஒன்று பரவியது. அதுவும் சிவப்பு, மஞ்சள், பச்சைதான். ஆதிகால ஹவாய்க் கொடி என்று சொல்லிப் பரப்பினார்கள், ஆதாரம் பலவீனம் என்று மறுத்தவர்களும் உண்டு. இன்று பிக்அப் வண்டியின் பின்னால் மூன்று நிறத்தைப் பார்த்தால், அது ஜமைக்காவா ஹவாயா என்று வண்டிக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது 'லோக்கல்' என்ற சொல். தோட்ட வேலைக்கு வந்த சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள் எல்லோரின் வாரிசுகளும் பூர்வகுடிகளோடு கலந்து உருவான அடையாளம் அது. எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாய் என்பது அவர்களுக்குள் முதல் கேள்வி. ரெகே இந்த 'லோக்கல்' கூட்டத்தின் பொதுப்பாட்டு. மேடையில் 'நம் மண்' என்று பாடும்போது எல்லோரும் கை தூக்குகிறார்கள். ஆனால் கை தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மண்ணில் எலும்பு இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் அழகான ஒற்றுமை, மறுபக்கம் பார்த்தால் பூர்வகுடியின் தனிப்பட்ட இழப்பைப் பொதுச்சொத்தாக்கிக் கரைத்துவிடுகிற வசதி. இரண்டும் உண்மை என்று சொல்லி நழுவ மாட்டேன். நிலக் கேள்வி வரும்போது இரண்டாவதுதான் கனமானது.

ஏனென்றால் அங்கே 'யார் ஹவாயர்' என்பது காகிதத்தில் தீர்மானிக்கப்படுகிற விஷயமும்கூட. 1921இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, பாதி அல்லது அதற்கு மேல் பூர்வகுடி ரத்தம் என்று நிரூபித்தால் மனை குத்தகைக்குக் கேட்கலாம். வருஷம் ஒரு டாலர், 99 வருஷம். வரிசையில் 28,000க்கும் மேற்பட்டோர் காத்திருக்கிறார்கள், காத்திருந்தே செத்தவர்களும் உண்டு. ஹவாய் மரபில் ரத்தத்துக்கு விழுக்காடு கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளி ஒரு முன்னோர் இருந்தாலும் வம்ச வரிசையில் இடம் உண்டு. சட்டம் பாதி, கால், அரைக்கால் என்று வெட்டுகிறது, பாட்டு அப்படி வெட்டுவதில்லை. ரத்தக் கணக்கில் தேறாத பிள்ளையும் ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் சொல்லிப் பாடலாம்.

மொழியைக் கெடுத்தது ரெகே என்ற வாதத்துக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. கபேனா குழுவை உருவாக்கியவர்களில் ஒருவரின் மகன் ஜாஷ் ததோஃபி. தோங்கா வம்சம், ரெகே பாடி வளர்ந்தவர். 2016இல் 'புவா கியேலே' என்று முழுக்க ஹவாய் மொழிப் பாடல்களுக்குத் திரும்பினார், அது கிராமி பரிந்துரை வரைக்கும் போனது. 1984இல் முதல் ஹவாய்வழி மழலையர் பள்ளி திறந்தபோது தொடங்கிய மொழி அலை இப்போது பாடகர்களைத் தருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ரெகே, அப்பா அம்மா காலத்துப் பழைய பாட்டு.

2019இல், பூர்வகுடிகள் புனிதமாகக் கருதும் மவுனா கேயா மலையில் ராட்சதத் தொலைநோக்கி கட்டுவதை எதிர்த்துச் சாலையை மறித்தார்களே, அங்கேயும் இதே கலவைதான். முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் மூத்தோர். ஜூலை 17 அன்று அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் போலீஸ் கைது செய்தது. தினமும் வேளை தவறாமல் பழைய மந்திரப்பாட்டும் ஹுலா என்ற ஹவாய் நடனமும் நடந்தன. வந்து ஆதரவு தெரிவித்தவர்களில் மார்லியின் மகன் டேமியன் மார்லியும் ஒருவர். சடங்குக்கு மந்திரப்பாட்டு, சாயங்காலத்துக்கு ரெகே. எது எதற்கு என்பதில் அங்கிருந்த யாருக்கும் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. 2020 கணக்கெடுப்பில், பூர்வகுடி ஹவாயர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே, அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்வது தெரியவந்தது. வீட்டு விலையும் வாடகையும் துரத்திய துரத்தல் அது. ஹவாயின் முக்கியத் தீவுகள் எட்டு, அதனால் நெவாடா பாலைவனத்திலிருக்கும் லாஸ் வேகஸுக்கு 'ஒன்பதாவது தீவு' என்றே பட்டப்பெயர். அங்கே ஒரு கொல்லைப்புறத்தில் யாராவது உகுலேலேயை எடுத்து மேற்கு மாகஹாவைப் பாடினால், பாடுகிறவனுக்கும் ஊருக்கும் நடுவே இப்போது நிஜமாகவே ஒரு கடல் இருக்கிறது. டூட்ஸும் மார்லியும் பாடிய தூரம் ஹவாய்க்காரனுக்கும் வந்துவிட்டது.